கொழும்பில் அம்மாவோட ஒரு நாள், எங்க சாப்பிடலாம்?

கேள்வி:
வாற மாசம் மட்டக்களப்பிலயிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன். அவ சைவம், நான் எல்லாம் சாப்பிடுவன். எல்லா இன ஆக்களின்ர சாப்பாடும் நடந்தே பார்க்கக்கூடிய இடம் எது? மெனிங் மரக்கறிச் சந்தையும் பார்க்க ஆசை.

பதில்:
மெனிங் சந்தை இப்ப புறக்கோட்டையில இல்ல, கொழும்புக்கு வெளிய பேலியகொடையில.

பதில்:
தங்கச்சி, நான் கொட்டாஞ்சேனையில பிறந்து வளர்ந்தவன். காலையிலயே புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போங்க. நாலாம் குறுக்குத்தெருவில செத்தல் மிளகாய் மூட்டை அவிழ்க்கேக்க தும்மல் வரும், அந்த வாசத்துக்காகவே நான் இன்னும் போறன். மூட்டை சுமக்கிற நாட்டாமிமாரின்ர கைவண்டிக்கு வழி விடுங்க, பாவம், பாரம். 1909இல கட்டிமுடிச்ச சிவப்புப் பள்ளிவாசல் கிட்டத்தான். வெள்ளி பகல் வேணாம், ஜும்ஆ நேரம் கன கடை பூட்டு. அம்மாவைச் செட்டியார் தெரு கதிரேசன் கோயிலுக்குக் கூட்டிப்போய், பிறகு சைவக்கடையில தோசை.
வழியில அன்னாசி வாங்குங்க. கண் கண்ணாச் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவாங்க. சாறு முழங்கை வரைக்கும் ஒழுகும்.

பதில்:
இரவுக்குப் புதுக்கடைப் பக்கம் போங்க. பாயா (கால் சூப்பு), இடியப்பம், வட்டிலப்பம். கொம்பனித்தெருவில மலாய் ஆக்களின்ர புட்டும் பாபத்தும் (குடல் கறி) கிடைச்சா விடாதீங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. அம்மாவுக்கு முழங்கால் நோ. இடையில இருக்க இடம் இருக்கா?

பதில்:
கோயில் மண்டபத்தில ஆறுதலா இருக்கலாம், தங்கச்சி.