ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஆ, ஜி7 எக்ஸ் மார்க் 3-ஆ? மேடை நடனத்துக்கும் கோபுரச் சிற்பத்துக்கும் எது சரி?

தெற்குவாசல் கேட்டது:

கைப்பையில அடங்குற ஒரு கேமரா வாங்கணும். லென்ஸ் மாத்துற கேமரா வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. தேடித் தேடி ரெண்டுல வந்து நிக்குது: சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3. ரெண்டும் 2019 மாடல். ரெண்டுலயும் 1 இன்ச் சென்சார், 20 மெகாபிக்சல். எடைகூட 302 கிராம், 304 கிராம். விலையிலதான் பெரிய இடைவெளி. வெளிவந்தப்ப அமெரிக்க விலை சோனிக்கு 1,200 டாலர், கேனானுக்கு 750 டாலர்.

என் தேவை: சபாவில பரதநாட்டியம் எடுக்கணும், ஃப்ளாஷ் போட முடியாது. கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள், மண்டபத் தூண் சிற்பங்கள் எடுக்கணும். வெளியூர் போறப்ப கொஞ்சம் வீடியோ.

இருட்டுக்கு எஃப்/1.8 இருக்கிற கேனான்தான்னு பலரும் சொல்றாங்க (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வர்ற வெளிச்சம் கூடும்). சோனி எஃப்/2.8-லதான் ஆரம்பிக்குது, ஆனா 200 மி.மீ. வரைக்கும் போகுது, கேனான் 100 மி.மீ.யோட நின்னுடுது. வெளிச்சமா, ஜூமா? இதை எப்படி எடை போடறது?

---

கல்மண்டபம்:

எஃப் எண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. லென்ஸின் உண்மையான நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். இரண்டிலும் ஒரே அளவு சென்சார் என்பதால், ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை எடுக்கும்போது எதில் அதிக ஒளி விழுகிறது என்பதை இந்த விட்டமே சொல்லிவிடும்.

சோனியின் உண்மையான நீளம் 9 முதல் 72 மி.மீ. வரை, கேனானுடையது 8.8 முதல் 36.8 மி.மீ. வரை. 24, 100, 200 என்று நாம் சொல்வதெல்லாம் 35 மி.மீ. கேமராவுக்கு ஈடான கணக்கு.

24-இல்: கேனான் 8.8 ÷ 1.8 = 4.9 மி.மீ., சோனி 9 ÷ 2.8 = 3.2 மி.மீ. கேனானுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). கேனானில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600 போதுமென்றால் சோனியில் 4000 வரை ஏற்ற வேண்டிவரும்.

100-இல்: கேனான் 36.8 ÷ 2.8 = 13.1 மி.மீ. சோனி அங்கே சுமார் எஃப்/4, அதாவது 9 மி.மீ. இங்கேயும் கேனான் ஒரு ஸ்டாப் முன்னே.

200-இல்: சோனி 72 ÷ 4.5 = 16 மி.மீ. கேனான் 100-இலேயே நின்றுவிடும், மீதியை வெட்டித்தான் எடுக்க வேண்டும், வாய் அதே 13.1 மி.மீ. இங்கே சோனி அரை ஸ்டாப்புக்குச் சற்று மேலே முன்னே. வெட்டிய கேனான் படத்தில் மிஞ்சுவது 5 மெகாபிக்சல்.

இரண்டும் சமமாகிற இடம் சுமார் 160 மி.மீ. அதற்குக் கீழே, கேனானை வெட்டியே எடுத்தாலும் ஒளிக் கணக்கில் அது தோற்காது. பிக்சல் குறையும், அவ்வளவுதான்.

ஆகவே எந்த வரிசையில் உட்காருவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். 10 மீட்டர் தூரத்தில் 100 மி.மீ. பிடிக்கும் சட்டம் 3.6 மீ. அகலம், 2.4 மீ. உயரம். ஆடுபவர் கையை மேலே தூக்கினாலும் அடங்கும். வெட்ட வேண்டிய தேவையே இல்லை. 20 மீட்டர் என்றால் அதே 2.4 மீ. உயரத்துக்கு 200 மி.மீ. வேண்டும்.

கோபுரத்துக்கு வெளிச்சம் ஒரு பொருட்டல்ல, பகல்தானே. 40 மீட்டர் தள்ளி நின்றால் சோனியின் 200 மி.மீ. சட்டத்தின் உயரம் 4.8 மீ., கேனானின் 100 மி.மீ. சட்டம் 9.6 மீ. இரண்டு கேமராவிலும் படத்தின் உயரம் 3,648 பிக்சல். ஒரு மீட்டர் உயரச் சுதைக்குச் சோனி 760 பிக்சல் தரும், கேனான் 380. முகத்தின் வண்ணப்பூச்சு உதிர்ந்ததைப் பார்க்க வேண்டுமானால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மண்டபத் தூண்களுக்குக் கேனானின் எஃப்/1.8 உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. சிற்பம் அசையாது. இரண்டிலும் உதறல் தடுப்பு இருக்கிறது, தூணில் சாய்ந்துகொண்டு 1/10 நொடி வரை கையாலேயே எடுக்கலாம். தவிர, மிக அருகே போய் எஃப்/1.8-இல் எடுத்தால் கேனான் படத்தில் மெல்லிய புகைபோல ஒரு மங்கல் வரும். எஃப்/2.8 அல்லது எஃப்/4-க்கு மூடினால் போய்விடும். மூடிவிட்டால் அப்புறம் எஃப்/1.8-க்கு என்ன பெருமை? தொல்லியல் துறைக் கோயில்களில் முக்காலிக்குத் தனி அனுமதி கேட்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

---

அரைமண்டி:

மேலே இருக்கிற கணக்கு சரி, ஆனா மேடையில தோக்கறது வெளிச்சத்தால இல்ல, ஃபோகஸால. அதுல ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

சோனி சென்சார்லயே 357 ஃபேஸ் டிடெக்ட் புள்ளி இருக்கு. எந்தப் பக்கம் நகரணும், எவ்வளவு நகரணும்னு அதுக்கு முன்னாடியே தெரியும். கேனான்ல வெறும் கான்ட்ராஸ்ட் முறை. முன்னும் பின்னும் போய்ப் பார்த்துட்டுத்தான் நிக்கும். மேடைப் புகை, ஒரே நிற எல்இடி, பின்னாடி பளபளன்னு திரைச்சீலை — இந்த மூணும் சேர்ந்தா ஆடறவங்களை விட்டுட்டுத் திரையைப் பிடிச்சுக்கும். ஒரு ஸ்டாப் நாய்ஸை (இருட்டுப் படத்துல வர்ற புள்ளிப் புள்ளியான கறையை) கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம். ஃபோகஸ் போன படத்தை ஒண்ணும் பண்ண முடியாது.

சோனி எடுத்தா மேடைக்கு இப்படி வைங்க: எம் மோடு (ஷட்டரையும் எஃப் எண்ணையும் நாமே வைக்கறது), ஷட்டர் 1/250 நொடி. அபிநயத்துக்கு 1/125 போதும், குதிக்கிற அடவுக்கு 1/500. ஐஎஸ்ஓ ஆட்டோ, மேல் வரம்பு 6400. ஏஎஃப்-சி (விடாம ஃபோகஸ் பண்ணிக்கிட்டே இருக்கற முறை), கண் ஃபோகஸ் ஆன். பின்னணி கறுப்பா இருக்கறதால கேமரா முகத்தை வெளுக்க விட்டுடும், எக்ஸ்போஷரை −0.7-லேர்ந்து −1 வரைக்கும் குறைங்க. சிவப்பு எல்இடி அடிக்கறப்ப சிவப்பு மட்டும் நிரம்பி வழிஞ்சு பட்டுப்புடவையோட ஜரிகை எல்லாம் ஒரே பூச்சாயிடும், அதுக்கும் இதே மருந்துதான். ரா-ல (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்க, வெள்ளைச் சமநிலையை அப்புறம் பார்த்துக்கலாம்.

சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டர்னு ஆசைப்பட வேண்டாம். எல்இடி விளக்குல படத்துக்குக் குறுக்கே பட்டை பட்டையா விழும். ரெண்டு கேமராவோட மெக்கானிக்கல் ஷட்டரும் லென்ஸுக்குள்ளயே இருக்கற வகை. சத்தம் லேசா ஒரு டிக், பட்டை விழாது. படத்துக்குப் படம் வெளிச்சம் கொஞ்சம் ஏறி இறங்கலாம், அது பரவாயில்ல.

சோனில வியூஃபைண்டர் மேலே எழும்பி வரும். இருட்டு அரங்கத்துல இது பெரிய விஷயம். திரையை ஏத்தி வச்சுக்கிட்டு எடுத்தா பின்வரிசைக்காரங்க கண்ணெல்லாம் உங்க மேலதான். மெனுல ஃபைண்டர்/மானிட்டர்னு இருக்கறதை வியூஃபைண்டர் மேனுவல்னு வச்சுட்டா திரை அணைஞ்சே இருக்கும். இன்னொண்ணு, வியூஃபைண்டரை உள்ளே தள்ளினா கேமராவே ஆஃப் ஆகற மாதிரிதான் வரும், அதையும் மெனுல மாத்திடுங்க. ஃபோகஸுக்கு உதவற ஆரஞ்சு விளக்கை எந்தக் கேமராவா இருந்தாலும் அணைச்சிடணும். ஆடறவங்க கண்ணுல அடிக்கும்.

கேனான்தான் கையில இருக்குன்னா வழி இல்லாம இல்ல. ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வச்சு இடுப்பு நகை மேல பிடிச்சு, பாதி அழுத்தி வச்சுக்கிட்டு, தீர்மானம்கிற முடிப்புக் கோர்வை முடிஞ்சு, தாளத்தோட சமத்துல நிக்கறப்ப தட்டணும். ஜதி எண்ணத் தெரிஞ்சவங்களுக்கு இது சரியா வரும்.

---

தெற்குவாசல்:

ரெண்டு பேருக்கும் நன்றி. உட்காரற இடம் அநேகமா எட்டாவது வரிசைக்குப் பின்னாடி, 15 மீட்டர் இருக்கும். வீடியோ, பேட்டரி பத்தியும் யாராவது சொல்லுங்க. முழு வர்ணத்தையும் (கச்சேரியோட நீளமான உருப்படி) ஒரே துண்டா எடுக்க முடியுமா?

---

கல்மண்டபம்:

15 மீட்டருக்கு 2.4 மீ. உயரச் சட்டம் வேண்டுமானால் 150 மி.மீ. சோனியின் வாய் அங்கே 12 மி.மீ., கேனானுடையது 13.1. ஒளி ஏறக்குறைய சமம். கேனானில் வெட்டியபின் சுமார் 9 மெகாபிக்சல் மிஞ்சும், சோனியில் முழு 20. வெளிச்சம் இங்கே யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. அரைமண்டி சொன்ன ஃபோகஸ்தான் தீர்ப்பு. சோனி பக்கம் போங்கள்.

---

வெயில்காலம்:

வீடியோன்னு வந்தா கேனான் பக்கம் ரெண்டு நியாயம் இருக்கு.

முதலாவது, உள்ளேயே இருக்கிற 3 ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி. நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 125, எஃப்/11 வச்சாலே ஷட்டர் 1/250 வந்துடும். நம்ம ஊருக்கு 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர்தான் இயல்பான அசைவு தரும். என்டி போட்டா கேனான்ல எஃப்/9, 1/50. சோனி மார்க் 7-ல என்டி கிடையாது, மார்க் 5ஏ வரைக்கும் இருந்ததை 6-லேயே எடுத்துட்டாங்க. லென்ஸ்ல திருகு மரையும் இல்ல, அதனால ஒட்டுற வளையம் வாங்கி அதுல ஃபில்டர் மாட்டணும். லென்ஸ் மூடி இதழ்கள் தடுக்காத மாதிரி நடுவுல பார்த்து ஒட்டணும். கோணலா ஒட்டினா இதழ் சிக்கி, லென்ஸ் உள்ளே போகாம நிக்கும்.

ரெண்டாவது, சூடு. சோனில 4கே வீடியோ, வாங்கினபடியே விட்டா ஒரு தடவைக்கு சுமார் 5 நிமிஷம். ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப் மெனுவை ஹைன்னு வச்சா இன்னும் நீளும், ஆனா சித்திரை வெயில்ல வெளியில நின்னா அதுவும் கை கொடுக்காது. கேனான் 4கே ஒரு துண்டு 9 நிமிஷம் 59 நொடி. முழு எச்டில ரெண்டும் அரை மணிக்கு ஒரு நொடியாவது குறைச்சலாத்தான் நிக்கும். வர்ணம் அரை மணிக்கு மேல போகும், ஒரே துண்டா எதுலயும் வராது. கேம்கார்டரோ, முக்காலில ஃபோனோ அதுக்குப் போதும். இந்தக் கேமராவை ஸ்டில்லுக்கு வச்சுக்குங்க.

வாங்கினதும் ரெண்டுலயும் வீடியோ முறை பால் (PAL)-ல இருக்கான்னு பாருங்க. என்டிஎஸ்சி-ல 30 ஃப்ரேம், 1/60 ஓடினா நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டுல டியூப்லைட் துடிக்கும்.

மைக் குழி ரெண்டுலயும் 3.5 மி.மீ. இருக்கு, மேலே மாட்டற இடம் ரெண்டுலயும் இல்ல. தனி பிராக்கெட் வேணும். அரங்க மிக்ஸர்லேர்ந்து நேரா வயர் எடுத்துச் செருகிடாதீங்க. லைன் அளவு மைக் குழிக்கு ரொம்ப அதிகம், மிருதங்கம் கரகரன்னு உடையும். நடுவுல சிக்னலைக் குறைக்கிற அட்டென்யுவேட்டர் வயர் போடணும்.

பேட்டரி ரெண்டுலயும் சுமார். கம்பெனி கணக்கே சோனி 260 படம், கேனான் 235. ஒரு கச்சேரிக்கு ரெண்டு பேட்டரி இல்லாம போகாதீங்க. சோனி பெட்டில தனி சார்ஜர் வராது. கேமராவுக்குள்ள வச்சு மைக்ரோ யூஎஸ்பில ஏத்தணும். எந்த ஃபோன் சார்ஜரும், பவர் பேங்கும் போதும். கேனான் பெட்டில சுவர் சார்ஜர் உண்டு. கேனானோட யூஎஸ்பி-சி குழில சாதாரண 5 வோல்ட் சார்ஜரைப் போட்டா ஏறாது, பிடி (PD, பவர் டெலிவரி) வகை சார்ஜர் வேணும். கெட்டுப்போச்சுன்னு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போறவங்க பாதிப் பேருக்கு வியாதி இதுதான்.

மெமரி கார்டு யூ3, வி30 வேகக் குறி இருந்தா போதும். ரெண்டுமே யூஎச்எஸ்-1 வேகம்தான், அதிக விலை யூஎச்எஸ்-2 வாங்கறது காசுக்குக் கேடு. 64 ஜிபில சோனி 4கே சுமார் 85 நிமிஷம், கேனான் சுமார் 70 நிமிஷம் பிடிக்கும்.

வீடியோதான் முதல் வேலைன்னு இருந்திருந்தா ரெண்டும் வேண்டாம், 2020-ல வந்த சோனி இசட்வி-1 எடுங்கன்னு சொல்லியிருப்பேன். எஃப்/1.8, என்டி, பக்கவாட்டுல திரும்பற திரை எல்லாம் அதுல இருக்கு. வியூஃபைண்டரும் ஃப்ளாஷும் இல்ல, ஜூம் 70 மி.மீ.யோட சரி. உங்களுக்குச் சபாவும் கோபுரமும்தான் முதல்ல, அதனால அது ஒத்து வராது.

---

தெற்குவாசல்:

சோனின்னு முடிவு. ஆனா புதுசு விலை தாங்கல, பழசு பார்க்கப் போறேன். எதையெல்லாம் சோதிக்கணும்?

---

அரைமண்டி:

லேப்டாப்பும் உங்க கார்டும் எடுத்துட்டுப் போங்க. கேமராவோட சின்னத் திரைல எல்லாப் படமும் அழகாத்தான் இருக்கும்.

ஏ முறைல (எஃப் எண்ணை மட்டும் நாம வைக்கறது) எஃப்/11 வச்சு, வெள்ளைச் சுவரை வேணும்னே ஃபோகஸ் இல்லாம, 24-லயும் 200-லயும் ஒவ்வொண்ணு எடுங்க. மங்கலான சாம்பல் புள்ளி தெரிஞ்சா சென்சார்ல தூசி. உள்ளே போய் வெளியே வர்ற லென்ஸ் காத்தை இழுக்கறப்ப தூசியும் சேர்ந்து போகும். லென்ஸைக் கழட்டித் துடைக்கற கேமரா இல்ல, பிரிச்சுத்தான் சுத்தம் பண்ணணும். அந்தச் செலவை விலையில கழிக்கச் சொல்லுங்க.

அடுத்து செங்கல் சுவர். நேரா நின்னு 24-ல எஃப்/2.8. நாலு மூலையையும் 100 சதவீதத்துல பாருங்க. நாலும் கொஞ்சம் மங்கலா இருந்தா அது லென்ஸோட குணம். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தா கீழே விழுந்த கேமரா, எழுந்து வந்துடுங்க. அதையே 200-லயும் பண்ணுங்க.

பத்துத் தடவை ஆன், ஆஃப். லென்ஸ் ஒரே சத்தத்துல வந்து போகணும்; நறநறன்னு இழுத்தா மணல். இ:61, இ:62-ன்னு எண் காட்டிட்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாகுதுன்னு விக்கறவங்க சொல்வாங்க. முதல் எண் ஃபோகஸ் பகுதி, ரெண்டாவது உதறல் தடுப்புப் பகுதி. தானா சரியாகற சமாச்சாரம் இல்ல.

வியூஃபைண்டர் ஒரே தள்ளுல முழுசா எழும்பணும், கையால இழுத்து விடற மாதிரி இருக்கக் கூடாது. திரையை 180 டிகிரி மேலே மடக்கி, அப்படியே கீழேயும் சாய்ச்சுப் பாருங்க. பாதில படம் மினுங்கினா உள்ளே இருக்கற ரிப்பன் வயர் போகப் போகுது. ஃப்ளாஷ் எழும்புதா, மைக் குழில மைக் போட்டா சத்தம் பதியுதா, பேட்டரி கதவு தானா திறக்குதா. கூட வர்ற பேட்டரி உப்பியிருந்தா அதைக் கேமராவுக்குள்ள போடவே போடாதீங்க. எடுக்க வராம மாட்டிக்கும்.

பில்லைக் கேட்டு சீரியல் எண் கேமரா அடியில இருக்கறதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. வெளிநாட்டுல வாங்கின பில்லா இருந்தா இங்க வாரண்டி பெரும்பாலும் செல்லாது, அந்த விலைக்கு ஏத்த மாதிரி பேசுங்க.