பஸ் வரும் நேரத்தை மூன்று ஆப் மூன்று விதமாகச் சொல்கின்றன, எதை வைத்துக்கொள்வது?

முதல்தடவைப்பயணி

வணக்கம். ஒரு பெரிய நகரத்தில் சில மாதம் தங்க வேண்டியிருக்கிறது. சொந்த வண்டி கிடையாது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மட்டும்தான். போனில் மூன்று ஆப் போட்டிருக்கிறேன். சிக்கல்கள் இவை:

1. ஒரே நிறுத்தத்தில் ஒரே தடத்துக்கு மூன்றும் மூன்று நேரம் காட்டுகின்றன (4, 6, 9 நிமிடம்).
2. ஒரு ஆப்பில் "1 நிமிடம்" என்று வந்து, பிறகு அந்த வரியே மறைந்துபோகிறது. சாலையில் பஸ்ஸைக் காணோம்.
3. சுரங்க நிலையத்தில் நெட் போய்விட்டால் வெறும் சாம்பல் கட்டம்தான்.
4. இறங்கும் இடத்தை நினைவூட்டும் அலாரம், போனைப் பையில் போட்டால் அடிப்பதே இல்லை.

ஆண்ட்ராய்டு 13. மிச்சமிருக்கும் இடம் 5 ஜிபி. எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கலாம்?

டெப்போவாசல்

எது நல்ல ஆப் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் நகரத்தில் எந்த ஆப்புக்கு நேரலைத் தகவல் கிடைக்கிறது என்று பாருங்கள். ஒரு ஊரில் அருமையாக ஓடும் ஆப் இன்னொரு ஊரில் வெறும் கால அட்டவணையைத்தான் படித்துக்கொண்டிருக்கும்.

சோதிப்பது சுலபம். பஸ் அடிக்கடி வரும் நிறுத்தமாகப் பார்த்து நில்லுங்கள். மூன்று ஆப்பிலும் அதே நிறுத்தத்தைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் கவனியுங்கள். எண் 9, 8, 7 என்று கடிகாரம் மாதிரி பிசகாமல் இறங்கினால் அது அட்டவணை. 7லிருந்து 8க்கு ஏறுவது, 6லேயே இரண்டு நிமிடம் நிற்பது, சட்டென்று 4க்கு இறங்குவது என்று தடுமாறினால் அது நேரலை. தடுமாறுகிற ஆப்தான் உண்மை பேசுகிறது! பல ஆப்களில் நேரலை நேரத்துக்குப் பக்கத்தில் சின்ன அலைக் குறியோ நிற வேறுபாடோ இருக்கும். குறி இல்லாத எண்ணை நம்பி ஓடாதீர்கள்.

பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். போக்குவரத்து நிறுவனங்கள் தடம், நிறுத்தம், நேரம் எல்லாவற்றையும் ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவத்தில் வெளியிடுகின்றன. 2005 வாக்கில் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. முதல் எழுத்து அப்போது கூகுளைக் குறித்தது, பிறகு 'ஜெனரல்', அதாவது 'பொது' என்ற பொருளுக்கு மாற்றினார்கள். அட்டவணை மட்டும்தான் அதில் இருக்கும். வண்டி இப்போது எங்கே நிற்கிறது, எவ்வளவு தாமதம், எந்தப் பயணம் ரத்து என்பதெல்லாம் 2011இல் வந்த தனி நேரலை வடிவத்தில் வருகின்றன. முதலாவதை மட்டும் கொடுத்து இரண்டாவதைக் கொடுக்காத நிறுவனங்கள் நிறைய உண்டு.

மறையும் பஸ்ஸுக்கும் காரணம் இதுதான். பயணம் ரத்தாகியிருக்கும், ஆனால் ரத்து என்று நேரலையில் யாரும் குறித்திருக்க மாட்டார்கள். ஆப் அட்டவணையைப் பார்த்து எண்ணிக்கொண்டே வந்து, நேரம் கடந்ததும் வரியை அழித்துவிடும். இன்னொரு வகை, தடத்தின் தொடக்க நிலையத்திலிருந்து பஸ் இன்னும் கிளம்பாமல் இருப்பது. கிளம்பும்வரை வரும் கணிப்பு பெரும்பாலும் அட்டவணைதான். தொடக்கத்திலிருந்து மூன்றாவது, நான்காவது நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு இந்த ஏமாற்றம் அதிகம்.

முதல்தடவைப்பயணி

சோதித்துப் பார்த்தேன். ஒன்று சுத்தமாக அட்டவணை, பிசகாமல் இறங்குகிறது. மற்ற இரண்டும் தடுமாறுகின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று 2 நிமிடம் வித்தியாசம். இரண்டில் ஒன்று தப்பா?

டெப்போவாசல்

தப்பில்லை. நேரலைத் தகவலை 30 நொடிக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும், வண்டியின் இருப்பிடம் 90 நொடிக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது பரிந்துரை. எல்லா நிறுவனமும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. அதற்கு மேல், ஒரு ஆப் நிறுவனத்தின் கணிப்பை அப்படியே காட்டும், இன்னொன்று வண்டியின் இருப்பிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தானே கணக்குப் போடும். கூகுள் மேப்ஸ் 2019 முதல் சில நகரங்களில், நேரலை இல்லாத பஸ்ஸுக்கும் சாலை நெரிசலை வைத்துத் தாமதத்தைக் கணிக்கிறது. ஆகவே 2 நிமிட வேறுபாடு இருக்கத்தான் செய்யும். இரண்டில் குறைவான எண்ணை நம்பி நிறுத்தத்துக்குப் போங்கள். நஷ்டம் இரண்டு நிமிடக் காத்திருப்புதான்.

மாடிப்படி_27

எதுக்குங்க இவ்வளவு ஆராய்ச்சி? கூகுள் மேப்ஸ் ஒண்ணு போதும்.

மாறுமிடம்

வழி தேட அது போதும், மறுக்கவில்லை. ஆனால் மற்றவற்றில் அதற்கில்லாத சில வசதிகள் உண்டு. சிட்டிமேப்பர், ரயிலில் முன்பக்கம் ஏறலாமா நடுவிலா பின்பக்கமா என்று சொல்லும். இறங்கியதும் படிக்கட்டு எதிரே இருக்கும். ஆனால் அது ஆதரிக்கும் நகரங்கள் குறைவு, நிறுவும் முன் உங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மூவிட் பரப்பு பெரிது. பல ஊர்களில் தன்னார்வலர்கள் தடங்களையும் நிறுத்தங்களையும் ஏற்றியிருக்கிறார்கள், அதனால் தரம் ஊருக்கு ஊர் மாறும். டிரான்சிட் என்ற ஆப்பில் பயணிகளே தங்கள் இருப்பிடத்தைப் பகிரும் வசதி உண்டு. நிறுவனம் நேரலை தராத தடத்தில் யாராவது அதைப் போட்டுக்கொண்டு போனால் பின்னால் நிற்பவர்களுக்குப் பஸ் தெரியும்.

எந்த ஆப் ஆனாலும் மூன்று இடத்தில் சறுக்கும்.

ஒன்று, எதிர்ப்பக்க நிறுத்தம். சாலையின் இரு பக்கமும் ஒரே பெயரில் இரண்டு நிறுத்தம் இருக்கும். பட்டியலில் பெயரைத் தட்டாதீர்கள், வரைபடத்தில் புள்ளியைத் தட்டுங்கள். பஸ் எதை நோக்கிப் போகிறது என்ற கடைசி நிறுத்தப் பெயரையும் ஒப்பிடுங்கள். இருப்பிட அனுமதியில் 'துல்லியமான இருப்பிடம்' அணைந்திருந்தால் ஆப் உங்களை அடுத்த தெருவிலேயே நிறுத்திவிடும்.

இரண்டு, மாறும் நேரம். "2 நிமிடம் நடந்து ரயில் மாறவும்" என்பதை ஆழமான நிலையங்களில் நம்பவே கூடாது. நிலையத்துக்குள் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எங்கே என்று சொல்லும் கோப்பு ஜிடிஎஃப்எஸ்ஸில் கட்டாயமில்லை. அது இல்லாவிட்டால் ஆப் தோராயமாகத்தான் கணக்கிடும். பெரிய நிலையத்தில் 5 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸ் விருப்பங்களில் 'குறைந்த மாற்றங்கள்', 'குறைந்த நடை' இருக்கின்றன. மூட்டை முடிச்சோடு போகும்போது முதலாவதைப் போடுங்கள்.

மூன்று, நள்ளிரவு. இதில்தான் நிறையப் பேர் மாட்டுவார்கள். அட்டவணைக் கோப்பில் வெள்ளி இரவு 12:40க்கு வரும் ரயில் சனிக்கிழமையில் இருக்காது, வெள்ளிக்கிழமையின் 24:40 என்று பதிவாகியிருக்கும். நீங்கள் ஆப்பில் 'சனி 12:40' என்று தேட, அது வெள்ளிக்கிழமையின் பின்னிரவையும் சேர்த்துப் பார்க்கும்படி எழுதப்படாத ஆப்பாக இருந்தால், வண்டியே இல்லை என்று சொல்லும். கடைசி வண்டியை வெள்ளி இரவு 11 மணிக்குக் கிளம்புவதாகப் போட்டு வரிசையாகக் கீழே தள்ளிப் பாருங்கள். கூகுள் மேப்ஸில் நேரம் தேர்வு செய்யும் இடத்தில் 'கடைசி' என்றே ஒன்று உண்டு. விடுமுறை நாள் என்றால் நிறுவனத்தின் சொந்த அறிவிப்பையும் பாருங்கள். விதிவிலக்கு நாட்களை அவர்கள் கோப்பில் ஏற்ற மறந்தால், எல்லா ஆப்பும் ஒரே குரலில் வார நாள் நேரத்தைச் சொல்லும்.

பேட்டரி20

அலாரம் விஷயத்துக்கு வர்றேன். பெரும்பாலும் ஆப் மேல தப்பு இருக்காது, ஆண்ட்ராய்டு அதைத் தூங்க வெச்சுடும். வரிசையா பண்ணிப் பாருங்க:

செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப், பேட்டரி. 'கட்டுப்பாடில்லை'ன்னு மாத்துங்க. சில கம்பெனி போன்ல 'தானாகத் தொடங்கு'ன்னு தனியா ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் போடுங்க.

அதே பக்கத்துல அனுமதிகள். ஆண்ட்ராய்டு 13ல அறிவிப்புக்கும் தனி அனுமதி வேணும். நிறுவுறப்போ 'வேண்டாம்'னு தட்டியிருந்தா அலாரம் சத்தமில்லாம செத்துடும்.

'பயன்படுத்தாத ஆப்பை இடைநிறுத்து'ன்னு ஒண்ணு இருக்கும். சில மாசம் திறக்காம விட்டா கொடுத்த அனுமதியெல்லாம் தானா போயிடும். எப்பவாவது பயணம் போறவங்க அதை அணைச்சு வைக்கணும்.

பேட்டரி சேமிப்பான் ஓடினா, திரை அணைஞ்சதும் இருப்பிடம் நின்னுபோகலாம். பயணத்துல அதைப் போடாதீங்க, வெளிச்சத்தைக் குறைச்சா போதும்.

சுரங்க ரயில்ல இது எதுவும் உதவாது. அங்க ஜிபிஎஸ் கிடையாது. எத்தனை நிலையம்னு எண்ணிக்கோங்க, இல்லைன்னா இறங்கற நேரத்துக்கு 2 நிமிஷம் முன்னாடி சாதாரண அலாரம் வையுங்க.

முதல்தடவைப்பயணி

அறிவிப்பு அனுமதிதான்! அணைந்திருந்தது. இப்போது அடிக்கிறது. நெட் இல்லாதபோது என்ன செய்வது? கூகுள் மேப்ஸில் ஊர் முழுவதையும் பதிவிறக்கிவிட்டேனே?

மாறுமிடம்

பதிவிறக்கிய பகுதியில் வண்டி ஓட்டும் வழி மட்டும்தான் கிடைக்கும். பஸ், ரயில், நடை எதற்கும் நெட் வேண்டும். இது தெரியாமல் ஜிபி கணக்கில் இடத்தை அடைத்து வைத்திருப்பார்கள்.

இரண்டு மாற்று உண்டு. ஆர்கானிக் மேப்ஸ் நெட் இல்லாமலே மெட்ரோ வழி சொல்லும். ஆஸ்மாண்ட் பஸ் தடங்களையும் சேர்த்துச் சொல்லும். இரண்டும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து தகவலை எடுப்பவை, அதனால் எந்த வரி, எங்கே மாறுவது என்பது மட்டும்தான் தெரியும். மணி தெரியாது. உங்களிடம் 5 ஜிபிதான் என்பதால் ஆர்கானிக் மேப்ஸில் அந்தப் பகுதியை மட்டும் இறக்குங்கள். கூடவே மெட்ரோ வரைபடத்தை நிறுவனத்தின் தளத்திலிருந்து பிடிஎஃபாக எடுத்து வையுங்கள். கீழே இறங்கும் முன் வழிப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

டிக்கெட் மட்டும் ஸ்கிரீன்ஷாட்டில் எடுபடாமல் போகலாம். சில ஊர்களில் கியூஆர் குறி சில நொடிக்கு ஒருமுறை மாறும், படத்தை வாசல் இயந்திரம் ஏற்காது. மேலேயே வாங்கி, ஆப்பைத் திறந்த நிலையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். டிக்கெட் ஆப்பைப் பிளே ஸ்டோரில் தேடி நிறுவாதீர்கள், நிறுவனத்தின் தளத்தில் உள்ள இணைப்பு வழியாகப் போங்கள். ஒரே மாதிரிப் பெயரில் வேறு யாரோ செய்தவையும் கிடக்கும்.

முதல்தடவைப்பயணி

சரி. அட்டவணை ஆப்பை நீக்கிவிட்டேன். நேரலை காட்டிய இரண்டில் எதிர்ப்பக்க நிறுத்தத்தைச் சரியாகப் பிரித்துக் காட்டியதை வைத்துக்கொண்டேன். அதோடு ஆர்கானிக் மேப்ஸும் டிக்கெட் ஆப்பும். கடைசியாக ஒன்று: வைத்துக்கொண்ட ஆப்பே 900 எம்பி ஆகிவிட்டது. அழிக்கலாமா?

பேட்டரி20

'கேச்'சை, அதாவது ஆப் தற்காலிகமா சேமிச்சு வெச்சதை மட்டும் அழிங்க. பக்கத்துலயே 'டேட்டா'ன்னு ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தொட்டா சேமிச்சு வெச்ச நிறுத்தமும் தடமும் போயிடும். கணக்குல உள்நுழையாம வெச்சிருந்தா திரும்பி வராது.