கலைச்சொல்: நடிப்பில் ‘பிசிக்கல் கன்டினியூட்டி’, தமிழில் எப்படி?

வணக்கம்.

பேரிடர்ப் படங்களின் நடிப்பைப் பற்றி எழுதும்போது ஒரு சொல் இல்லாமல் இடிக்கிறது. ‘தி இம்பாசிபிள்’ (2012) படத்தில் நவோமி வாட்ஸ் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 2004 ஆழிப்பேரலை தாய்லாந்தின் காவோ லாக் கரையில் அடித்த நொடியிலிருந்து மருத்துவமனைக் கட்டில் வரை, அவர் நடித்த மரியாவின் உடல் படிப்படியாக ஒடுங்குகிறது. முதலில் அலறல், பிறகு கரகரப்பு, கடைசியில் வெறும் முணுமுணுப்பு. பொதுவாகப் படப்பிடிப்பு கதை வரிசையில் நடக்காது. கட்டில் காட்சி முதலிலும் வெள்ளம் பிறகும் வரலாம். அப்போதும் படி பிசகாமல் காப்பதற்கு என்ன பெயர்? ‘உடல் தொடர்ச்சி’ பிணவறைக் குறிப்பு மாதிரி ஒலிக்கிறது. என் முன்மொழிவு: மெய்ப்பாட்டுத் தொடர்ச்சி.

> மெய்ப்பாட்டுத் தொடர்ச்சி

வேண்டாம் ஐயா. மெய்ப்பாடு உள்ளத்து உணர்வு உடலில் தோன்றுவது. இங்கே உடல்தான் முதலில் நலிகிறது. தொல்காப்பியர் பிணியையும் வருத்தத்தையும் இளிவரல் என்ற மெய்ப்பாட்டில் சேர்த்திருக்கிறாரே என்று மடக்குவீர்கள். இருந்தாலும் ஒப்பனைக்காரர் கையிலுள்ள அட்டவணைக்கு அந்தச் சொல் பாரம்.

அந்த அட்டவணையைப் பாருங்கள். காட்சி எண்ணுக்கு எதிரே 1 முதல் 6 வரை ஒரு படி. படிதோறும் காயத்தின் நிழற்படம், உடைக் கிழிசல், மூச்சு, குரல், எந்தக் காலில் பாரம் என்ற குறிப்பு. நான்காம் படிக் காயத்தோடு இரண்டாம் படி மூச்சு விட்டால், ஏனென்று தெரியாமலே பார்வையாளர் நம்ப மறுப்பார். தண்ணீர்த் தொட்டியில் தொல்லை இன்னும் அதிகம் (இப்படத்தின் தொட்டி ஸ்பெயினில்). ஒட்டிய காயத்தின் ஓரம் நீரில் உரியும். நீரை வெதுவெதுப்பாக வைத்தால் நடுக்கம் தானாக வராது, நடித்தே ஆகவேண்டும். ஊறிச் சுருங்கிய விரல்களோடு உடனே உலர்ந்த காட்சியின் அண்மைக் காட்சியை எடுக்க முடியாது. இரைச்சலில் கெட்ட வசனத்தை டப்பிங்கில் மறுபடி பேசும்போது நடிகர் நாற்காலியில் சாய்ந்து பேசினால் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும்.

‘நலிவுத் தொடர்ச்சி’ என்போம். நலிவுப்படி, நலிவு அட்டவணை, நலிவுப் பிசகு என்று கிளைக்கவும் செய்யும்.

> நலிவுத் தொடர்ச்சி

கிளைப்பது நல்லதுதான். ஆனால் அறுவைக்குப் பின் தேறிவரும் கட்டத்தை ‘நலிவு’ எப்படித் தாங்கும்? அங்கேயும் நிறமும் குரலும் படிப்படியாகத்தானே திரும்ப வேண்டும்? ‘உடல்நிலைத் தொடர்ச்சி’ ஏற்றம் இறக்கம் இரண்டையும் அடக்கும்; யாருக்கும் விளக்கவும் வேண்டாம். அட்டவணையின் தலைப்பில் அது இருக்கட்டும், கட்டங்களுக்குள் நலிவுப்படி 1, 2, 3 என்று வரட்டும், தேறும்போது எண் இறங்கட்டும். மெய்ப்பாட்டை விமரிசகர்களுக்கு விட்டுவிடலாம். மறுப்பில்லை என்றால் இந்த இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.