மறு: மின்காந்த ஒவ்வாமையா, ஏலாமையா?

வணக்கம். வைஃபை, கைபேசி போன்றவற்றின் மின்காந்தப் புலத்தால் தலைவலி, தூக்கமின்மை வருவதாகச் சிலர் சொல்லும் நிலைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் இழைக்கு இது என் பதில். முன்பு எழுதியவர்களின் வரிகளை மேற்கோளாகக் கொடுத்திருக்கிறேன்.

> ‘மின்காந்த ஒவ்வாமை’ என்றே வைத்துவிடலாம். யாருக்கும் விளக்கவே வேண்டியதில்லை.

விளக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குத் தயக்கம். ஒவ்வாமை என்று படித்தவுடன் நோய் எதிர்ப்பாற்றல், ஒவ்வாமையில் உடல் சுரக்கும் ஹிஸ்டமின், தோல் பரிசோதனை, அரிப்புக்குப் போடும் மாத்திரை என்று மனம் ஓடிவிடும். இந்தத் தொல்லைக்கும் அந்த வழிமுறைக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நிறுவவில்லை. பேச்சில் ‘எனக்கு அது ஒத்துக்கொள்ளாது’ என்பதன் உறவுதான் ஒவ்வாமை, அழகான சொல். ஆனால் மருத்துவம் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்த இழையில் நான் நுழைந்தது என் அக்காவால். தலைவலி, அயர்ச்சி, படபடப்பு, விரல்களில் குத்தல், இரவில் தூக்கம் இல்லை. வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் கூடுகிறது என்பார். போன மாதம் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: “எந்த மெக்னீசியம் வாங்கலாம்? மெலடோனினும் சேர்த்துப் போடலாமா?” மெலடோனின் தூக்கத்துக்காகப் போடும் மாத்திரை. தமிழில் தேடிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்றே தெரியவில்லை.

> மிகையுணர்திறன் துல்லியமானது, மூலச்சொல்லுக்கு நேர்.

நேர்தான். hypersensitivity என்ற ஆங்கில மூலச்சொல்லிலேயே சிக்கல் இருக்கிறதே. உணர்திறன் என்றால் உடல் அந்தப் புலத்தை உணர்கிறது என்று சொல்லிவிட்டோம். பங்கேற்பவருக்கும், சிலவற்றில் சோதிப்பவருக்கும்கூட, கருவி இயங்குகிறதா என்று தெரியாமல் நடத்திய சோதனைகளை 2005-இல் ஒரு மீளாய்வு தொகுத்தது: 31 சோதனைகள், 725 பேர். 2010-இல் அது 46 சோதனைகள், 1175 பேர் என விரிந்தது. அவர்களால் புலத்தை உணர முடிகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. போலியாக இயக்கியபோதும் தலைவலி வந்தது. வந்த தலைவலி பொய் இல்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே உடலில் நோவை உண்டாக்கக்கூடும். என் அக்கா நடிக்கவில்லை. நாம் வைக்கும் பெயரும் அவரை நடிப்பவராகக் காட்டக்கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2004-இல் பிராக் நகரில் கூட்டிய பட்டறையில் இந்தக் காரணத்துக்காகவே வேறு பெயரை முன்வைத்தார்கள். காரணம் தெரியாத, சூழலைத் தாங்க முடியாத நிலை, அதை நோயாளி மின்காந்தப் புலத்தின்மேல் சார்த்துகிறார் என்பது அதன் பொருள். இந்தச் ‘சார்த்துகிறார்’ என்ற பகுதிதான் நமக்கு வேண்டியது. தற்குறிப்பேற்ற அணியில் வரும் ‘ஏற்றம்’ முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் அது கவிஞன் தன் கற்பனையை ஏற்றுவது. வலியோடு இருப்பவர் காதில் ‘நீ கற்பனை செய்கிறாய்’ என்று விழும். வேண்டாம்.

என் பரிந்துரை: மின்காந்தம் சார்த்திய சூழல் ஏலாமை. நீளம்தான். அன்றாட எழுத்துக்கு ‘மின்காந்தத் தாங்காமை’ என்று சுருக்கிக்கொள்ளலாம். வெயில் தாங்காது, இரைச்சல் தாங்காது என்று சொல்கிறோம் அல்லவா.

அப்புறம் மெக்னீசியம், வைட்டமின் போன்ற இந்த மாத்திரைகளுக்கான (supplement) சொல். ‘துணை உணவு’, ‘சத்து மாத்திரை’, ‘குறைநிரப்பி’ மூன்றும் இழையில் வந்திருக்கின்றன. சத்து என்றால் கூடினாலும் நல்லதுதான் என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. இங்கே அது ஆபத்து. வைட்டமின் பி6 அளவு மீறி நெடுநாள் போனால் நரம்பைக் கெடுக்கும். கை கால்களில் குத்தலும் மரத்துப்போதலும் வரும். எந்தக் குத்தலுக்காக மாத்திரை தேடினாரோ அதே குத்தல்! நரம்புக்கு, தூக்கத்துக்கு, மெக்னீசியத்தோடு என்று வாங்கும் கலவைகள் பலவற்றில் பி6 இருக்கிறது. மூன்று புட்டிகளிலிருந்து சேர்வதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மெக்னீசியமும் மாத்திரையாக நாளுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்க வரம்பு. மிஞ்சினால் வயிற்றுப்போக்கு, சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இன்னும் கேடு. தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் அந்த மருந்து உடலில் சரியாகச் சேராது. துத்தநாகம் மிகுந்தால் செம்புச்சத்து குறையும்.

இந்தத் தாங்காமையைத் தணிக்கும் என்று நிறுவப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. ஆனால் பி12 குறைந்தாலும் விரல் குத்தும், இரும்புச்சத்து குறைந்தாலும் அயர்ச்சியும் படபடப்பும் வரும், தைராய்டு மிகையானாலும் தூக்கம் கெடும். பரிசோதித்துக் குறை தெரிந்தால் அதை நிரப்பலாம். அதனால் என் வாக்கு குறைநிரப்பிக்கு. சொல்லைப் படித்தவர் ‘எனக்கு என்ன குறை?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வார். மருத்துவரிடம் போனால் அந்தக் கேள்வியோடு போவார்.

அக்காவிடம் முதலில் ரத்தப் பரிசோதனை, தைராய்டு, பிறகு வேலை செய்யும் இடத்தில் விளக்கு மினுங்குகிறதா, காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளப் பேச்சு வழியே உதவும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை சிலருக்குப் பயன்பட்டிருப்பதையும் சொன்னேன். “அப்போ எல்லாம் என் மனசுதானா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காத சொல் வேண்டும் என்றுதான் இவ்வளவு நீட்டினேன்.

‘சார்த்திய’ என்பதில் குற்றச்சாட்டுத் தொனி இருப்பதாக யாருக்கேனும் பட்டால் சொல்லுங்கள். ‘தொடர்புறுத்திய’ என்று மாற்றலாமா என்பதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.