நெக்கர் கனசதுரம்: கணினி மாதிரிக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. 1832இல் சுவிஸ் அறிஞர் லூயி நெக்கர் விவரித்த மாயத்தோற்றத்தைக் காட்டும் கனசதுரக் கோட்டோவியத்தை உற்றுப் பார்த்தால் முன்முகம் பின்னால் போகும், அப்புறம் திரும்பி வரும். தாளில் ஒரு கோடுகூட அசையாமல் இது நடப்பது எனக்குத் தீராத வியப்பு.

மூளையில் இது நடப்பதைப் பைதான் நிரல்மொழியில் மாதிரியாக்குகிறேன். தோற்றத்துக்கு ஒன்றாக இரண்டு நியூரான் (நரம்பணு) குழுக்கள் ஒன்றையொன்று அடக்கும். ஜெயித்த குழு மெல்லச் சோர்ந்ததும் மற்றது மேலெழும். சோர்வை மட்டும் வைத்தால் கடிகாரம்போலச் சீராக மாறுகிறது. மனிதர்களிடமோ ஒரு தோற்றம் நீடிக்கும் நேரம் ஒழுங்கற்றது. அந்த நேரங்கள் சிதறும் விதம் ஏறக்குறைய காமா பரவல் எனும் வடிவம், வலப்பக்கம் நீண்ட வால்: சில தோற்றங்கள் மட்டும் வெகுநேரம் நீடிக்கும். சரி என்று இரைச்சலை (தற்செயல் ஏற்ற இறக்கத்தை) கூட்டினால் மிகக் குறுகிய தாவல்கள் குவிந்துவிடுகின்றன.

இப்போதுள்ள, கணத்துக்குக் கணம் தொடர்பின்றி மாறும் வெள்ளை இரைச்சலுக்குப் பதில் மெதுவாக மாறும் ஆர்ன்ஸ்டைன்-ஊலன்பெக் இரைச்சல் போட்டால் சரிவருமா? அதன் கால அளவை எப்படித் தேர்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், நிரலைப் பகிர்கிறேன்.