புதுப்பிப்பு: பழைய கேஸ்க் ஸ்ட்ரெங்த் விஸ்கிக்கு எவ்வளவு தண்ணீர்?

ஸ்காட்லாந்தின் கிளென்ஃபார்க்லஸ் வடிசாலை கேஸ்க் ஸ்ட்ரெங்தில், அதாவது நீர் கலக்காமல் பீப்பாயில் இருந்த வலிமையிலேயே, புட்டியில் அடைக்கும் ஃபேமிலி காஸ்க்ஸ் வரிசையின் 1989ஆம் ஆண்டு ஷெர்ரி ஒயின் பீப்பாய் விஸ்கியை முகரும்போது ஆல்கஹாலின் காரம் மற்ற மணங்களை மறைக்கிறது, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

கோப்பையில் ஊற்றிக் கால் மணி நேரம் தொடாமல் வைத்த பிறகு, குளிரூட்டாத தண்ணீரை டிராப்பரால் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. முதலில் வார்னிஷ் நெடியும் வால்நட்டும் மட்டுமே தெரிந்த இடத்தில், சில சொட்டுகளுக்குப் பின் உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, கடைசியில் பழைய தோல்பையின் வாசம் என ஒவ்வொன்றாக மேலே வந்தன. புகை மணம் தரும் குவாயக்கால் போன்ற மூலக்கூறுகள், ஆல்கஹால் 59 விழுக்காட்டைத் தாண்டினால் திரவத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன என்றும், நீர்க்கும்போது மேற்பரப்புக்கு வருகின்றன என்றும் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் கணினி உருவகத்தின் வழியே காட்டினர். ஐஸ் இதற்கு உதவவில்லை. குளிர் மணத்தை ஒடுக்கிவிடுகிறது.

எதிர்பாராதவை இரண்டு. தண்ணீர் சேர்த்ததும் விஸ்கி லேசாக மங்கியது. இது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டி, மங்கலாக்கும் பொருள்களை நீக்குவது) செய்யாத விஸ்கியில், ஆல்கஹால் வலிமை ஏறத்தாழ 46 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது கொழுப்பு அமில எஸ்டர்கள் பிரிவதால் நேர்வது. மற்றொன்று, ஒரு தேக்கரண்டியை எட்டியதும் ஓக் மரத்தின் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டு பழச்சுவையை முழுவதுமாக அமுக்கிவிட்டது. 60 விழுக்காடுள்ள கிளென்ஃபார்க்லஸ் 105 தாராளமாகத் தண்ணீரைத் தாங்கும். பல பத்தாண்டுகள் பீப்பாயில் கிடந்ததற்குச் சொட்டுகளே போதும்.