வேலையை விடும் முன் குரூப் பாலிசியைத் தனி பாலிசியாக மாற்றிய கதை

52 வயதில் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கினேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தேன், ஆனால் ஆபீஸில் போட்டிருந்த 5 லட்ச ரூபாய் குரூப் மருத்துவ இன்சூரன்ஸ் கடைசி வேலை நாளோடு போய்விடும் என்பது மனதில் படவே இல்லை. என் மனைவிக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. புதிதாக பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை பணம் தராமல் காத்திருக்கச் சொல்லலாம், கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று இவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருடம்.

கே.கே.நகர் வீட்டுக்கு வந்த ஏஜென்ட் "சுகர்னு எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிரும்" என்றார். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரியில படுத்திருக்கப்ப இதக் காட்டிப் பணம் தரலன்னா யாருகிட்டப் போய் நிக்கிறது?" என்று கேட்டாள். அவள் சொன்னதுதான் சரி. பொய் சொல்லி எடுத்த பாலிசி காகிதம்தான்.

அப்புறம் அண்ணா நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்டரில் இருக்கும் என் மச்சினன்தான் வழி சொன்னான். "மாமா, ஆபீஸ் பாலிசி எந்தக் கம்பெனியோ அதே கம்பெனில தனி பாலிசியா மாத்திக் கேளுங்க. குரூப்ல இருந்த வருஷமெல்லாம் காத்திருப்புல கழிஞ்சிரும்."

ஆபீஸில் கேட்டால் அப்படி ஒன்றும் கிடையாது என்று கைவிரித்தார்கள். மூன்று தடவை நடந்து, 6 வருடமாக நாங்கள் இருவரும் பாலிசியில் இருக்கிறோம் என்று எழுத்தில் வாங்கினேன். அந்தக் கழிவு பழைய 5 லட்சத்துக்கு மட்டும்தான், கூட்டி எடுக்கும் தொகைக்குப் புதிதாகக் காத்திருக்க வேண்டும். அதனால் தனி பாலிசியை 5 லட்சத்தோடு நிறுத்தி, அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப் (வருடத்தின் மொத்தச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மீதியைத் தரும் பாலிசி) போட்டேன். ரூம் வாடகை வரம்பு இல்லாததாகப் பார்த்தே எடுத்தேன், ஏனென்றால் நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பு வைத்துக்கொண்டு 10,000 ரூபாய் ரூமில் சேர்ந்தால் வாடகை மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் செலவு எல்லாவற்றிலும் பாதி நம் கைக்காசு.

மில் வேலையில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) உள்ளவர்கள் வேறு கணக்குப் பாருங்கள். 5 வருடம் அதில் இருந்துவிட்டு வி.ஆர்.எஸ்.ஸில் வந்தால், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும்.

வேலையை விட்ட 14ஆம் மாதம் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன். பணம் தர ஒத்துக்கொள்ளும் முன் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டது அந்த 6 வருடக் கடிதத்தைத்தான். மறுநாளே அனுமதி வந்தது.